படி ஏறாத பலகை

அக்கா, நேற்று வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உன் வண்டியைப் பார்த்தேன். உன்னுடையதே இல்லை, அதற்கு வசதியான வீட்டு உறவு என்று வைத்துக்கொள். விளையாட்டுச் சாமான் விற்கிற கடை. ஒரு பலகையைத் தலைகீழாகக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் இரண்டு அச்சு, நாலு சக்கரம். பேத்திக்குப் பூப்பந்து மட்டை வாங்கப் போனவன், மட்டையை மறந்துவிட்டு அதன் கீழே போய் நின்றேன். ஒரு சக்கரத்தை விரலால் தட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

கடையில் வேலை செய்கிற பெண் வந்தாள். "ஸ்கேட்போர்டு அங்கிள். வீல், டிரக், பேரிங் எல்லாம் தனித்தனியாவும் எடுக்கலாம்" என்றாள். அச்சுக்கு டிரக் என்று பெயராம். நீயும் நானும் வைத்துக்கொண்டு அவ்வளவு மல்லுக்கட்டிய சாமானின் பெயரை எனக்கு இப்போதுதான் ஒருவர் சொல்கிறார். பிறகு அவள் கேட்டாள்: "எந்த மாதிரி தரையில ஓட்டப் போறாங்க? அதுக்கு ஏத்த மாதிரிதான் வீல் எடுக்கணும்."

"மீன் ஏலம் விடற தரை" என்றேன்.

சிரித்துவிட்டாள். நல்ல பெண், அவள் மேல் கோபமில்லை. ஆனால் எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். எந்தத் தரையில் ஓட்டப் போகிறாய் என்று உன்னை ஒருவரும் கேட்டதில்லை அக்கா. தரையைப் போட்டவர்களும் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். அதற்குமேல் படித்ததெல்லாம் சுவரொட்டியிலும் பழைய பேப்பரிலும். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

உன் கால்கள் குழந்தையிலேயே சூம்பிப்போனவை. இளம்பிள்ளைவாதம். ராயபுரத்தில் நம் சந்தில் பலகை இல்லாமல் உன்னை நான் பார்த்ததே இல்லை. பாக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த பலகை, அதன் கீழே குறுக்காக இரண்டு கட்டை, கட்டை முனைகளில் நாலு பழைய பேரிங். சக்கரம் என்று தனியாகக் கிடையாது, பேரிங்தான் சக்கரம். இரண்டு கையிலும் சைக்கிள் டியூப் சுற்றிய கைக்கட்டை. அதைத் தரையில் ஊன்றி உந்தி உந்திப் போவாய். நீ தெருமுனையில் திரும்பும்போதே இரும்பு சிமெண்டில் அரைபடும் சத்தம் சந்தின் கடைசி வீடு வரை கேட்கும். "அக்கா வந்துகினு கீது" என்று பெண்கள் இறால் வாங்கச் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள்.

உன் அம்மா இருந்தவரை கரைக்குப் போய் ஏலம் எடுத்து வந்தது அவர்தான். நீ தெருவில் விற்றாய். அவர் போன பிறகு உன் சித்தப்பா மகன் முன்னால் வந்தான். "நீ வூட்ல குந்துக்கா. நான் வாங்கியாறேன்" என்றான். வாங்கியும் வந்தான். நல்ல இறாலைத் தன் கூடையில் போட்டுக்கொண்டு, தலை கறுத்த பழசை உன் கூடையில் தள்ளினான். ஒரு விடியற்காலை நீயே பலகையைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போய்விட்டாய்.

கரை வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன். படகில் வந்த மீனைத் தரையில் குவியலாகக் கொட்டுவார்கள். ஏலக்காரர் விலை கூவுவார். கடைசியாகக் கேட்டவர் உடனே தன் காலிக் கூடையைக் குவியலின் மேல் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால்தான் மீன் அவருடையது. கூடை வரத் தாமதமானால் ஏலக்காரர் மறுபடி கூவ ஆரம்பித்துவிடுவார். வாயால் கேட்டது கணக்கில் வராது. குரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குவியலின் ஓரத்தில் ஆள் இருக்க வேண்டும்.

அன்றைக்கு நீ கேட்ட குவியல் உனக்குத்தான் விழுந்தது. கூடையோடு கிளம்பினாய். பாதித் தரையில் உப்புத் தண்ணீரும் செதிலும் மணலும் ஏறி ஒரு பேரிங் இறுகிக்கொண்டது. ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் ஓடாமல், பலகை இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. "அக்கா ராட்டினம் சுத்துது டோய்!" என்று எவனோ கத்தினான். கரையே சிரித்தது. உன் சித்தப்பா மகன் ஓடிவந்து உன்னைப் பலகையோடு தூக்கினான். மீன் கூடையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தான். குவியலை வேறு யாரோ எடுத்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று அவன் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறான். எண்ணத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?

நீ நேராக என் கொட்டகைக்கு வந்தாய். மீன்பாடி வண்டிகளுக்கு அச்சும் சக்கரமும் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். யாரிடமும் உட்கார்ந்து கற்ற தொழில் இல்லை. கழற்றிப் பார்த்து, மாட்டத் தெரியாமல் விழித்து, மறுபடி கழற்றிக் கற்றது. உன் முகத்தில் மீன் தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"டேய் தம்பி, இத்த கெடாசு" என்று பலகையைத் தட்டினாய். "வேற ஒண்ணு செய்."

"இன்னா மாதிரிக்கா?"

"என்னை எவனும் தூக்கக்கூடாது. அதுக்கு இன்னா மாதிரி வோணுமோ அந்த மாதிரி."

"அவன் உதவிக்குத்தானேக்கா..."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? உன்னியும் சேத்துதான் சொல்றேன். எவன் கையும் மேல படக்கூடாது. செய்றியா, வேற ஆளைப் பாக்கட்டா?"

செய்கிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் உனக்குக் கொடுத்தது.

திருவொற்றியூர் போகிற வழியில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருந்த பாயை உனக்கு நினைவிருக்கும். துறைமுகத்தில் எடுக்க ஆளில்லாமல் கிடந்த சரக்கில் கொஞ்சம் அவரிடம் வந்து சேரும். அங்கே ஒரு சாக்கு நிறைய உடைந்த பலகைகளைப் பார்த்தேன். பலகைதான் உடைந்திருந்தது, அச்சுகள் முழுசாக இருந்தன. "இன்னா பாய் இது?" என்றேன். "வெளிநாட்டுப் பொம்மை வண்டி நைனா. நம்ம ஊர் ரோட்ல எவன் ஓட்டுவான்? எடுத்துகினு போ" என்றார். சாக்கோடு கொண்டுவந்து உன் முன்னால் கொட்டினேன். அன்றிலிருந்து நமக்குள் சண்டை.

முதல் சண்டை அச்சுக்கு. குட்டை அச்சு ஒரு ஜோடி, நீள அச்சு ஒரு ஜோடி. கூடைகளுக்கு நடுவே நுழைய வேண்டும், குட்டைதான் சரி என்றாய். பலகை அகலமாக இருந்து அச்சு குட்டையாக இருந்தால், கையை ஊன்றச் சாயும்போது குடை சாய்ந்துவிடும் என்றேன் நான். நீ நம்பவில்லை. குட்டை அச்சை மாட்டிக் காட்டினேன். ஒரே உந்தலில் கவிழ்ந்து என் கிருஷ்ணாயில் டப்பா மேல் விழுந்தாய். கை நீட்டப் போனேன். நீ பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீயே புரண்டு, நீயே எழுந்து, நீயே பலகையில் ஏறி உட்கார்ந்து, "சரி, நீளத்தைப் போடு. பலகையைக் கொறைச்சிக்கோ" என்றாய்.

அந்த அச்சில் ஒரு விசேஷம் இருந்தது. நடுவில் ஒரு பெரிய போல்ட்டு, அதைச் சுற்றி ரப்பர் புஷ். நட்டைத் தளர்த்தினால், பலகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சக்கரம் தானாகத் திரும்பும். இறுக்கினால் நேராகத்தான் போகும். இறுக்கிவிடுவது பத்திரம் என்றேன். "நான் தோளைச் சாய்ச்சா அது திரும்பணும். கையால ஒதைச்சித் திருப்பிகினு இருந்தா கூடையை எவன் புடிப்பான்?" என்று கேட்டாய். அந்த ஒன்றில் நீ சொன்னதுதான் சரி. முன் அச்சைத் தளர்த்தி, பின் அச்சை இறுக்கிவைத்தேன்.

அடுத்தது சக்கரம். சாக்கில் இரண்டு வகை இருந்தது. சின்னதாக, எலும்பு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக நாலு. அதைவிடப் பெரிதாக, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற நாலு. கெட்டியானது வேகமாக ஓடும், தேயாது என்று நான் அதையே எடுத்துவைத்தேன். நீ மடவை மீன் ஒன்றைக் கொண்டுவந்து சிமெண்டில் தேய்த்து வழுவழுப்பாக்கி, இரண்டு வகைச் சக்கரத்தையும் அதன் மேல் இழுத்தாய். கெட்டியானது சறுக்கிக்கொண்டு போனது. மெத்தென்றது பிடித்துக்கொண்டது. "என் தரை இது. உன் கொட்டாய் தரை இல்ல" என்றாய்.

மெத்தென்ற சக்கரம் பெரிது என்பதால் வேறு தொல்லை வந்தது. நீ சாய்ந்து திரும்பும்போது அது பலகையின் அடியில் உரசி வண்டியைச் சட்டென்று நிறுத்தியது. அச்சுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கட்டை வைத்து உயர்த்தலாம் என்றேன். "ஒசரம் வோணாம். ஒரு விரல் ஒசந்தாலும் கைக்கட்டை தரைக்கு எட்டாது, நான் ஏறவும் முடியாது" என்றாய். அதனால் உயர்த்தவில்லை. சக்கரம் உரசுகிற நாலு இடத்திலும் உளி வைத்துப் பலகையைக் குடைந்தேன். குடைந்ததில் பலகை மெலிந்துவிடுமோ என்று எனக்கு வெகுநாள் பயம் இருந்தது. அது தாங்கியது.

பேரிங்குக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. திறந்த பேரிங்கைக் கையில் சுற்றிவிட்டு, "பாரு, எம்மா நேரம் சுத்துது!" என்று குழந்தை மாதிரி காட்டினாய். கையில் சுற்றுவது வேறு, ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு சுற்றுவது வேறு என்றேன். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டதைத்தான் மாட்டினேன். கையில் தட்டினால் அது சீக்கிரம் நின்றுவிடும். ஆனால் மணல் உள்ளே போகாது. உப்புத் தண்ணீர் எப்படியும் போகும். அதற்கு நீயே வழி செய்துகொண்டாய். தினமும் சாயங்காலம் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கை நல்ல தண்ணீரில் அலசி, மூடியைக் குண்டூசியால் நெம்பி, கிருஷ்ணாயிலில் ஊறவைத்து, எண்ணெய் விட்டு மாட்டுவாய். என்னைத் தொட விடமாட்டாய்.

வண்டி ஓடியது. ஓடிய அன்றே புதுப் பேஜாரு. சத்தம் இல்லை. இரும்பு அரைபடும் சத்தம் கேட்டு ஒதுங்கிப் பழகிய கரைக்கு நீ வருவதே தெரியவில்லை. எதிரே கூட்டம் ஒரே காலும் லுங்கியுமாக வழி மறித்து நின்றது. பழையபடி இரும்பு பேரிங்கையே சக்கரமாகப் போடு என்று வந்து நின்றாய்.

"இன்னொரு தபா ராட்டினம் சுத்தணுமாக்கா?" என்றேன்.

முறைத்துவிட்டுப் போனாய். மறுநாள் கரையில் ஒரு புதுக் குரல் கேட்டது. "காலு! காலு! காலு பாத்துக்கோ! அப்பால என் காலு போச்சேன்னு என்னாண்ட வராதே!" அதைக் கேட்டுச் சிரிக்காதவன் இல்லை. சிரித்தபடியே ஒதுங்கினான். நீ தோளைச் சாய்த்து, ஒரு ஐஸ் பெட்டியைச் சுற்றி, இரண்டு கூடைகளுக்கு நடுவே நுழைந்து குவியலுக்குப் போனாய். ஏலக்காரர் தலையை நிமிர்த்தியே பழகினவர். "கேட்டது யாரும்மா? யாரு?" என்று கூட்டத்தின் முகங்களைத் தேடினார்.

"கீழ பாரு நைனா! மேல இன்னா காக்காவா எண்ணுற?"

கவிழ்த்தாய். உன் கூடை குவியலின் மேல் விழுந்த அந்தச் சத்தத்தை நான் ஐஸ் பெட்டிகளின் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒருவர் கையும் உன் மேல் படவில்லை.

அதற்குப் பிறகு சில வருடம் நீ வாங்கிய இறாலுக்குத் தண்டையார்ப்பேட்டையிலிருந்து கூட ஆள் வந்தார்கள். இதை எழுதும்போது அந்த வருடங்களோடு நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. நிறுத்தினால் பொய்யாகிவிடும்.

சுனாமிக்குப் பிறகு கரைக்குப் புதிதாக ஏலக்கூடம் வந்தது. மேலே கூரை, கீழே வழவழப்பான தரை. சுத்தமாக இருக்க வேண்டும் என்று தரையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, சுற்றிலும் சாக்கடை விட்டு, ஏற இரண்டு படி வைத்தார்கள். இரண்டே படி. திறந்த அன்று நீ பலகையோடு போய் அந்தப் படியின் முன்னால் நின்றதை நான் பார்த்தேன். மேலே ஏலம் நடந்தது. நீ கீழேயிருந்து விலை கேட்டாய். உனக்கே விழுந்தது. கூடை போகவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துக் கவிழ்க்கச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். உன்னைத் தெரியாதவர்கள்.

உன் சித்தப்பா மகன் இறங்கி வந்தான். "அக்கா, ஒரு நிமிசம், தூக்கி மேல வெச்சிடறேன்."

"கையை எடு" என்றாய். பலகையைத் திருப்பினாய். அன்றைக்கு யாரையும் பார்த்து "காலு" என்று நீ கத்தவில்லை. அவர்களாகவே ஒதுங்கினார்கள்.

கூடத்துக்குப் பொறுப்பானவரிடம் போனேன். சரிவாக ஒரு பாதை வைக்கச் சொன்னேன். "ஒருத்தருக்காக டிசைனை மாத்த முடியாதுங்க. வேணும்னா உதவிக்கு ஆள் சொல்றோம், தூக்கி விட்டுடுவாங்க" என்றார். நல்ல மனுசன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மனு எழுதிக் கொடுத்தேன். பிழையைத் திருத்தித் திரும்ப எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கடைசியில் நானே சிமெண்டும் மணலும் கொண்டுபோய்ப் படியின் ஓரத்தில் சரிவு கட்டினேன். சாக்கடையை மறிக்கிறது என்று ஈரம் காய்வதற்குள் உடைத்துப் போட்டார்கள். மறுபடி கட்டினேன். மறுபடி உடைத்தார்கள்.

"உட்டுடு தம்பி" என்றாய். "இது உன் சண்ட. என்னுது முடிஞ்சிப் போச்சு."

நான் விடவில்லை. அந்தப் படிகளில் இன்று வரை கால் வைத்ததில்லை. நம் வீட்டுக்கு மீன் தெருவில் விற்கிறவர்களிடம்தான் வாங்குகிறோம்.

நீ மறுபடி சந்தில் உட்கார்ந்தாய். உன் சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த தலை கறுத்த இறாலை விற்றாய். போக ஓரிடம் இல்லாதபோதும் சாயங்காலம் பேரிங்கைக் கழற்றி அலசுவதை மட்டும் நிறுத்தவில்லை. உப்பே படாத பேரிங்கை அப்படிக் கழுவிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு எனக்கு.

பிறகு ஒரு மழைக்காலம். மார்ச்சளி கட்டி உன் மூச்சு வாசல் வரை கேட்டது. ஆட்டோ வந்து நின்றது. "நானே ஏறுனா வரேன். எவனாவது கை வெச்சா வர மாட்டேன்" என்றாய். பலகையிலிருந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாய். பாதி ஏறினாய். கை வழுக்கியது. மறுபடி பிடித்தாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ சொன்னா அக்கா கேக்கும். சொல்லுண்ணா" என்றான் உன் சித்தப்பா மகன். நீயும் என்னைப் பார்த்தாய். நான் சொல்லவில்லை. ஆட்டோவைப் போகச் சொன்னாய். மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாய் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நீ என்னைப் பார்த்தது சொல்லாதே என்பதற்காகத்தான். அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இதைப் பற்றி நான் யாரோடும் பேசுவதில்லை.

பாடை கட்டியதும் சந்து முழுவதும் தோள் கொடுக்க வந்தது. ராட்டினம் என்று கத்தினவன் கூட வந்திருப்பான். "வாண்ணா, நீதான் மொதல்ல" என்று எனக்கு இடம் விட்டார்கள். நான் நகரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். "அவ்ளோ பழகிட்டு ஒரு தோள் குடுக்க மாட்டியா? நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று உன் சித்தப்பா மகன் எல்லார் முன்னாலும் கத்தினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுடுகாடு வரை பின்னாலேயே நடந்தேன்.

எனக்கும் வயதாகிவிட்டது. நம் சந்தில் எந்தச் சாவுக்குப் போனாலும் ஒருவனாவது அதைச் சொல்லிக் காட்டுகிறான். "அவரைக் கூப்பிடாதீங்க, அவருக்குத் தோள் வலிக்கும்" என்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு உன்னை எத்தனையோ கைகள் தூக்கின. அதில் என் கை இல்லை அக்கா.